குல்லாக்காரன் கேட்ட நிறம்

டிவிக்குள் இருந்த ஒரு பொம்மைக் குரங்கிடம் நான் வாராவாரம் ஷாபாஸ் வாங்கியிருக்கிறேன். இந்தப் பூனாவில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை இருந்ததோ தெரியாது, எனக்கு இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே பேனாவை நிறுத்தி, "அப்படி இல்ல அத்தை" என்கிறாள். அந்த இடத்தில் எல்லாம் நான் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் கிர்க்கியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நீள வராந்தா, பின்னால் குழாய். என் வீட்டுக்காரர் கிர்க்கி பேக்டரியில் வேலை கிடைத்து என்னைக் குடியாத்தத்திலிருந்து கூட்டிவந்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் ஊருக்குத் திரும்பவில்லை. குளிர் காலத்தில் இங்கே கிடைக்கிற பச்சைப் பட்டாணிக்காகத்தான் அம்மா தங்கிவிட்டாள் என்று மகன் கேலி செய்வான். அதுவும் பொய் இல்லை. அந்தப் பட்டாணியை உரித்துக்கொண்டே பச்சையாகத் தின்றால் எப்படி இனிக்கும் தெரியுமா? சரி, அது கிடக்கட்டும்.

மகன் ஹடப்சரில் ஒரு கம்பெனிக்கு பஸ் மாறிப் போவான். மருமகள் கேம்ப் என்கிற கடைத்தெருப் பக்கம் ஒரு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். காலையில் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் பேத்தியும்தான். அப்போது அவளுக்கு நாலு வயது முடியப் போகிற நேரம்.

அவள் வீட்டுக்குள் வாய் மூட மாட்டாள். பல்லிக்கு ஏன் செருப்பு இல்லை, ரேடியோவில் பாடுகிறவர்களுக்கு உள்ளே யார் சோறு போடுகிறார்கள், இப்படியே போகும். வாசல்படியைத் தாண்டினால் மட்டும் ஒரு வார்த்தை வராது. லைனில் இருந்த மராட்டிப் பிள்ளைகளோடு ஓடுவாள், ஒளிவாள், மண்ணில் புரளுவாள், எல்லாம் ஊமைப் படம் மாதிரிதான். கண்ணாமூச்சியில் அவள் எண்ண வேண்டிய முறை வந்தால் சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள். மற்ற பிள்ளைகள் அவள் விரலைப் பார்த்து ஓடி ஒளியும். மராட்டி புரியாமல் இல்லை. யாராவது தண்ணீர் கேட்டால் எழுந்து போய் மொண்டு கொடுப்பாள். கேம்பில் ஒரு டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள்தான் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. கேம்புப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் இவளைச் சேர்க்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. தினம் சாயங்காலம் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே அவளை உட்காரவைத்து ரெட், புளூ, எல்லோ என்று சொல்லிக்கொடுப்பான். அவளும் கடகடவென்று ஒப்பிப்பாள். மார்ச் மாதம் இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போனான். சிஸ்டர் பெயர் கேட்டார், வயது கேட்டார், பென்சிலைக் காட்டி என்ன கலர் என்று கேட்டார். இவள் சிஸ்டருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஜூனில் இடம் இருந்தால் இன்னொரு தடவை கூட்டி வாருங்கள் என்று சிஸ்டர் நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு மகன் சாப்பிடும்போது என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"இன்னொரு வாட்டி இட்டுகினு போறேம்மா. அப்பவும் வாயத் தொறக்கலன்னா ஊருக்கு அனுப்பிட வேண்டியதுதான். என் மாமியா வீட்ல இருந்து தமிழ் ஸ்கூல்ல படிக்கட்டும். அங்கன்னா பேசுவா."

மருமகள் கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். (எழுதும்மா, கழுவினாயா இல்லையா?) அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நானும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து என் பக்கத்தில் படுத்து, என் வயிற்றின் மேல் ஒரு காலைப் போட்டுத்தான் தூங்கும். அந்தக் கால் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. குடியாத்தத்தில் சம்பந்தியம்மாவின் வயிற்றின் மேல் அது கிடக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜூன் வருவதற்குள் இவள் வெளி மனிதர் ஒருவரிடமாவது பேசிவிட வேண்டும். தமிழ் ஆராதனையில் கண்ணை மூடினால் எனக்கு அந்த ஒரு ஜெபம்தான்.

லைனின் கடைசி வீட்டில் ஒரு காக்கு இருந்தாள். இங்கே சித்தி, பெரியம்மா மாதிரி இருக்கிறவர்களைக் காக்கு என்பார்கள். என்னைவிட இளையவள்தான், இருந்தாலும் லைன் முழுக்க அவளைக் காக்கு என்றும் என்னை ஆஜி என்றும் கூப்பிடும். ஆஜி என்றால் பாட்டி. காக்குவின் வீட்டுக்காரருக்கு பேங்கில் வேலை. எங்கள் லைனிலேயே முதல் டிவி அவர்கள் வீட்டில்தான் வந்தது. மரப்பெட்டிக்கு அலமாரி மாதிரி இழுத்து மூடும் கதவு. காற்றடித்தால் படம் போய்விடும். காக்குவின் வீட்டுக்காரர் ஓட்டின் மேல் ஏறி ஏரியலைத் திருப்பிக்கொண்டே "ஆலா கா?" என்று, படம் வந்ததா என்று கத்துவார். உள்ளே இருந்து காக்கு "நாஹி", இல்லை என்று கத்துவாள். நடுவில் வராந்தாவில் நிற்கிற பிள்ளைகள் இரண்டையும் வாங்கி இரண்டு பக்கமும் கத்தும். படம் வந்த பிறகும் கத்தும். அதனால் வந்த படம் திரும்பிப் போய்விடும்.

அந்த டிவியின் கண்ணாடி மேல் காக்கு ஒரு கலர் தாள் ஒட்டியிருந்தாள். கலர் டிவி வராத காலம் அது. நடைபாதையில் ஒருத்தன் பிளாஸ்டிக்கில் விற்றான். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. வானம் நீலமாகவும் ஆள் முகம் சிவப்பாகவும் புல் பச்சையாகவும் தெரியும் என்று விற்றவன் சொல்லியிருக்கிறான். வானத்துக்கும் புல்லுக்கும் சரி. செய்தி படிக்க வருகிற அம்மாவுக்கு நெற்றி நீலமாக, கன்னம் ஆரஞ்சாக, கழுத்துக்குக் கீழே பச்சையாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது பாவம், அடிபட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். காக்குவுக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் டிவி கலர் டிவி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பொம்மை நிகழ்ச்சி வரும். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணும் ஒரு பொம்மைக் குரங்கும். குரங்கு ஒரு குட்டைச் சுவருக்குப் பின்னால் இடுப்பு வரைக்கும்தான் தெரியும். தலையில் குஞ்சம் வைத்த குல்லா. எங்கள் வீட்டில் அவனைக் குல்லாக்காரன் என்போம். அவன் கதை சொல்லுவான், பாடுவான், நடுவில் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பான். கேட்டுவிட்டுக் கையைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். லைன் பிள்ளைகள் எல்லாம் காக்கு வீட்டுத் தரையில் உட்கார்ந்து பதிலைக் கத்தும். அவன் தலையை ஆட்டி, "பரோபர், ஷாபாஸ்" என்பான். சரியான பதில், சபாஷ் என்று அர்த்தம்.

நானும் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பேன். ஒருத்தன் நம் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று மராட்டியில் கேட்டான் என்றால், "கீரையும் பருப்பும்பா, நீ சாப்ட்டியா?" என்பேன். அவன் "அரே வா, ஷாபாஸ்" என்பான். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கும்.

"ஆஜி, அவன் மதராசி இல்ல" என்று காக்கு இந்தியில் சொன்னாள்.

"பின்ன எப்டி ஷாபாஸ் சொல்றான்? ஒங்க வீட்டுக்காரரு நான் தமிழ்ல பேசினா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு, இவன் தலையாட்றானே" என்று நான் எனக்கு வந்த இந்தியில் சொன்னேன். பெட்டிக்குள் இருக்கிறவனுக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

பேத்தி மட்டும் சிரிக்க மாட்டாள். என் வாயைப் பார்ப்பாள், டிவியைப் பார்ப்பாள், திரும்ப என் வாயைப் பார்ப்பாள்.

ஏப்ரல் போய் மே வந்தது. ஒரு வாரம் நிகழ்ச்சியில் நிறங்களைப் பற்றிப் பாட்டு. பாட்டு முடிந்ததும் குல்லாக்காரன் நம் பக்கம் திரும்பி, என் குல்லா என்ன நிறம் என்று கேட்டுவிட்டுக் கையைக் காதில் வைத்தான். நிகழ்ச்சி எடுக்கிறவர்கள் கண்ணுக்கு நிறம் தெரிந்திருக்கும். அதைப் பார்க்கிற வீட்டில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான் என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

எங்களுக்குத்தான் கலர் தாள் இருந்ததே. அவன் நிமிர்ந்து நின்றபோது குல்லா நீலத்தில் இருந்தது. கேள்வி கேட்டுக் குனிந்தபோது ஆரஞ்சுக்கு வந்தது. கும்பிடு போட்டபோது பச்சைக்கே போய்விட்டது. பிள்ளைகளில் பாதி பச்சை என்றது, பாதி ஆரஞ்சு என்றது. நான் விடுவேனா, "நீலம்டா கண்ணு" என்றேன். குல்லாக்காரன் எல்லோருக்கும் சேர்த்து, "பரோபர்" என்றான்.

அவ்வளவுதான், கலவரம். பச்சைக் கட்சி ஆரஞ்சுக் கட்சியின் முடியைப் பிடித்தது. எனக்குத்தான் ஷாபாஸ் சொன்னான் என்று நானும் சண்டைக்குப் போனேன். காக்கு நீதிபதி மாதிரி கையைத் தூக்கி, எங்கள் டிவி மூன்றும் சரி என்று சொல்லிவிட்டது, அதனால் மூன்றும் சரி என்று தீர்ப்புச் சொன்னாள். மடியில் இருந்த பேத்தி என் கையைக் கிள்ளினாள். "இல்ல ஆயா, தப்பு" என்று காதுக்குள் முணுமுணுத்தாள். நான் சண்டை மும்முரத்தில் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குல்லாக்காரன் காது கேட்காதவன் மாதிரி பாவனை செய்து, இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டான். திரும்பவும் கை காதுக்குப் போனது.

பேத்தி என் மடியிலிருந்து இறங்கினாள். உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தோளைப் பிடித்துத் தாண்டித் தாண்டி டிவியிடம் போனாள். கலர் தாளின் ஓரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். தாள் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அடியில் குல்லா சாம்பல் மாதிரி இருந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, மராட்டியில் சொன்னாள்.

"டோபிலா ரங்கச் நாஹி."

குல்லாவுக்கு நிறமே இல்லை என்றாள்.  அவள் முதுகுக்குப் பின்னால் குல்லாக்காரன் காதிலிருந்து கையை எடுத்து, "பரோபர், ஷாபாஸ்" என்றான்.

தாள் போச்சே என்று காக்கு கத்தப்போகிறாள் என்று நான் எழுந்துவிட்டேன். அவள் கத்தவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அக பாயி, ஹீ போல்தே" என்றாள். அம்மாடி, இது பேசுகிறதே என்று. பிள்ளையை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பச்சைக் கட்சியும் ஆரஞ்சுக் கட்சியும் சண்டையை விட்டுவிட்டு, இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று அவள் காலைப் பிடித்து இழுத்தன. அவள் வாயை மூடிக்கொண்டுவிட்டாள். ஆனால் நான் என் இரண்டு காதாலும் கேட்டுவிட்டேன். கலர் தாளைக் காக்கு மறுநாளே மாவுப் பசை தடவி ஒட்டிவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்குச் செய்தி அம்மாவின் நீல நெற்றி இல்லாமல் பிடிக்கவில்லையாம்.

அந்த ராத்திரி நான் யோசித்தேன். இவளைப் பேசு பேசு என்று நாங்கள் கெஞ்சினோம், மிட்டாய் காட்டினோம், பயமுறுத்தினோம். ஒன்றுக்கும் அசையாதவள் எதற்காக எழுந்து போனாள்? தப்பான பதிலுக்கு ஒருத்தன் ஷாபாஸ் சொல்லிவிட்டான். அதை அவளால் பொறுக்க முடியவில்லை. நான் தப்பாகச் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதில்லை. வீட்டில் நான் எத்தனையோ தப்பாகச் சொல்வேன். அதை இன்னொருத்தர் சரி என்றதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் காய் வாங்கக் கூட்டிப் போனேன். காய்க்கூடைக்காரியிடம், இங்கே பாயி என்பார்கள், தக்காளியைக் காட்டி, இந்தக் கத்தரிக்காய் நல்லாயிருக்கா என்று கேட்டேன். வியாபாரம் பண்ணுகிறவள், வயசானவளிடம் எதற்கு வாதம் என்று, நல்ல கத்தரிக்காய்தான் ஆஜி, எடுத்துக்கோ என்றாள். என் புடவையைப் பிடித்திருந்த கை இறுகியது. நான் ஒன்றும் தெரியாத மாதிரி, இன்னொரு கத்தரிக்காய் போடு என்றேன். பாயியும் சரி என்று போட்டாள்.

"டமாட்டர்" என்றாள் பேத்தி, பாயியைப் பார்த்து. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

பிறகென்ன, எனக்கு வேலையே அதுதான். பால்காரனிடம் அவன் எருமையைக் குதிரை என்றேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவனிடம் இந்த பஸ்ஸுக்குக் காற்று எவ்வளவு என்றேன். பாதிப் பேர் எனக்காக ஆமாம் போட்டார்கள், ஒவ்வொரு ஆமாமுக்கும் இவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது. பிறகு இரண்டு வார்த்தை வந்தது. ஆஜிக்கு மூளை கொஞ்சம் கலங்கிவிட்டது என்று லைனில் பேச்சு கிளம்பியது. காக்கு எனக்கு பாதாம் ஊறவைத்துக் கொடுத்தனுப்பினாள். எதற்கு என்று கேட்காமல் தின்றுவிட்டேன், நல்ல பாதாம். மகனிடமும் மருமகளிடமும் நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவர்களும் ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

ஜூன் பிறந்து முதல் மழையும் பெய்தது. சிஸ்டர் வரச் சொல்லி அனுப்பினார். பேத்தி என் புடவையை விடாததால் நானும் போக வேண்டியதாயிற்று. வழியெல்லாம் மகன் ரெட், புளூ என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் வாயே திறக்கவில்லை. அவன் முகம் சுண்டிப்போனது.

சிஸ்டரின் அறையில் மேஜை மேல் ஒரு மரச்சட்டம் இருந்தது. கம்பிகளில் கலர் கலராக மணி கோத்திருந்தார்கள். சிஸ்டர் ஒரு மஞ்சள் மணியைத் தள்ளி, வாட் கலர் என்று கேட்டார்.  திரும்பக் கேட்டார். பேத்தி சிஸ்டரின் செருப்பைப் பார்த்தாள். மகன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். சிஸ்டர் மெதுவாகப் பேனாவைத் திறந்தார். திறந்த பேனாவைப் பார்த்ததும் எனக்குக் குடியாத்தம் ரயில் கண்ணில் வந்து நின்றது.

நான் பெஞ்சியிலிருந்து நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"புளூ."

மகன் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தான். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். கிழவி, பாவம், பேத்திக்காகச் சொல்லிப் பார்க்கிறாள் என்று அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, "குட், குட்" என்றார்.

பேத்தி நிமிர்ந்தாள்.

"நோ. எல்லோ. ஆயா தப்பு." அதோடு விடவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எம்பி, ஆயா தப்பாகச் சொன்னதற்கு நீங்கள் ஏன் குட் சொன்னீர்கள் என்று சிஸ்டரை மராட்டியில் கேட்டாள்.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஆயா பெரியவங்க, அதனால் சொன்னேன் என்று அவரும் மராட்டியில் பதில் சொன்னார். பெரியவங்களாக இருந்தாலும் எல்லோதான் என்றாள் இவள். சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் தள்ளி ரெட், கிரீன், ஆரஞ்சு என்று சொல்லிக்கொண்டே போனாள். போதும் என்று சிஸ்டர் சொன்னபோதும் நிறுத்தவில்லை. கடைசியில் சிஸ்டர் தன் அங்கியைக் காட்டி இது என்ன கலர் என்று கேட்டார்.

"ஒயிட். இங்க புளூ" என்று அவர் கையோரத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே இங்க் கறை.

சிஸ்டர் கறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அவர் மகனிடம் இந்தியில் சொன்னார்.

"லட்கி பாஸ். ஆயா பேல்." பெண் பாஸ், ஆயாதான் பெயில் என்று.

வெளியே வந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மகன் அந்தத் தூறலில் குடையைக்கூட விரிக்கவில்லை. அப்புறம் மெல்லக் கேட்டான்.

"நெஜமாவே ஒனக்கு மஞ்சள் தெரியலையாம்மா?"

"தினம் கொழம்புக்கு மஞ்சத்தூள் போட்றவ நானா, நீயாடா?" என்றேன்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சிரித்தான் பாருங்கள், ரோட்டில் போன சைக்கிள்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். இனிமேல் ஊருக்கு அனுப்புகிற பேச்சு எடுப்பியா என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

லைனில் காக்கு மழையைப் பார்க்கிற மாதிரி வராந்தாவில் நின்றிருந்தாள். மழை விட்டு ரொம்ப நேரமாகியிருந்தது. என்ன ஆயிற்று ஆஜி என்று கேட்டாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பேல்" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. பேத்தி என் கையை உதறிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"ஆயா நாபாஸ். மீ பாஸ்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. ஆயா பெயில், நான் பாஸ் என்று.

அதோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். அங்கேயும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்த வீட்டிலும் சொன்னாள். அவளுடைய கவுனைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். லைன் முழுக்க, ஒவ்வொரு வாசலிலும் நான் பெயிலானேன்.